அப்பாவின் கால் விரலுக்கும் ஒரு நம்பர் உண்டு!

கோடியக்கரைக்குப் போயிருக்கிறீர்களா? வேதாரண்யத்தைத் தாண்டித் தெற்கே சுமார் பத்து கிலோமீட்டர். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கடலாடப் போகிறவர்கள் அப்படியே காட்டுப் பக்கம் மணல்மேட்டில் இருக்கிற ராமர் பாதத்தையும் கும்பிட்டுவிட்டு வருவார்கள். பூ வைத்து, குனிந்து, தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு... அவ்வளவு பக்தி!

சரி, ஒரு கேள்வி. அந்தக் கல் பாதத்தைக் குனிந்து பார்த்த மாதிரி, உங்கள் வீட்டுப் பெரியவரின் பாதத்தை என்றைக்காவது குனிந்து பார்த்திருக்கிறீர்களா? அதுவும் உள்ளங்காலை? அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தால், இந்தக் கேள்விக்கு நீங்கள் கட்டாயம் பதில் சொல்லியாக வேண்டும்.

மனசுக்குள் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கோடியக்கரையில் ஓர் ஓய்வுபெற்ற வாத்தியார். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. கொஞ்சம் உப்பளம் உண்டு. தினமும் காலையில் பாத்தி வரப்பில் வெறுங்காலோடு ஒரு நடை. ஒரே மகள். பயோகெமிஸ்ட்ரி படித்துவிட்டுச் சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறாள். அமெரிக்காவில் இருக்கும் பாத டாக்டர்களின் பில்களுக்கு நம்பர் போடுவதுதான் அவள் வேலை. பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவள், அப்பாவின் செருப்பில் ஈரக்கறையைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா, காலைத் தூக்கிக் காட்டுங்க."

"ஒண்ணுமில்லம்மா. சின்னப் புண்ணுதான். வலியே இல்லை."

"எப்பலேருந்து?"

"தீபாவளிக்கு முன்னாடியே வந்தது. கட்டுப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். சீட்டெல்லாம் பத்திரமா வெச்சிருக்கேன், பாரு."

அலமாரியிலிருந்து ஏழு சீட்டுகள் வந்தன. ஏழிலும் ஒரே வாசகம்: 'கால் புண் - டிரஸ்ஸிங்'. பக்கத்தில் தொகை. எந்தக் கால்? எந்த விரல்? எவ்வளவு பெரிசு? எவ்வளவு ஆழம்? போன வாரத்துக்கு இந்த வாரம் தேவலையா, மோசமா? ஒன்றும் இல்லை! முன்பின் தெரியாத அமெரிக்கர்களின் கால் விரலுக்கெல்லாம் தினமும் நம்பர் போடுகிறவளுக்கு, பெற்ற அப்பாவின் விரலைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

கதை கற்பனைதான். ஆனால் இந்த மாதிரிச் சீட்டுகள் உங்கள் வீட்டு அலமாரியிலும் இருக்கும், போய்ப் பாருங்கள். அந்த மகள் தன் வேலையில் தினமும் கடைப்பிடிக்கும் விதி ஒன்று உண்டு. 'எழுதப்படாதது நடக்காததற்குச் சமம்!' அந்த விதியை நாம் கற்றுக்கொண்டால் பில்லும் சரியாகும், காலும் பிழைக்கும். எப்படி என்று பாடம் பாடமாகப் பார்ப்போம்.

பாத டாக்டர் என்றால் யார்?

அமெரிக்காவில் பாதத்துக்கென்றே தனியாக டாக்டர்கள் இருக்கிறார்கள். போடியாட்ரிஸ்ட் என்று பெயர். கல்லூரிப் படிப்பு முடித்து, நாலு வருஷம் பாத மருத்துவக் கல்லூரி, அப்புறம் மூன்று வருஷம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. கால் ஆணி சீவுவதிலிருந்து எலும்பு ஆபரேஷன் வரை செய்வார்கள். நம் ஊரில் அப்படித் தனிப் பிரிவாக அது வளரவில்லை. இங்கே சர்க்கரை நோய் டாக்டர், சர்ஜன், ரத்தக்குழாய் சர்ஜன் ஆகிய மூவரும் அந்த வேலையைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

அங்கே டாக்டருக்குப் பணம் கொடுப்பது பெரும்பாலும் இன்சூரன்ஸ். இன்சூரன்ஸ்காரருக்குக் கதை வேண்டாம், நம்பர்தான் வேண்டும். வியாதிக்கு ஒரு நம்பர், வைத்தியத்துக்கு இன்னொரு நம்பர். டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து இந்த இரண்டையும் கண்டுபிடித்துப் பொருத்துவதுதான் மெடிக்கல் கோடிங். இந்த வேலை செய்கிற நிறுவனங்கள் சென்னையில் ஏராளம். நம் பிள்ளைகள் நிறையப் பேர் அதில்தான் இருக்கிறார்கள்.

வியாதி நம்பர் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலிருந்து வருகிறது. அதன் பத்தாவது பதிப்பு ஐ.சி.டி-10. அதை இன்னும் விரிவாக்கி 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்கா பயன்படுத்துகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது பதிப்பு 2022 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்துவிட்டாலும், நம் ஊர் இன்சூரன்ஸ் படிவங்களில் பெரும்பாலும் ஐ.சி.டி-10 நம்பரைத்தான் பார்ப்பீர்கள். வைத்திய நம்பர் சி.பி.டி. எனப்படும். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966-ல் முதன்முதலாக வெளியிட்டது.

நம் பாட்டிமார் சொல்லும் கால் உபாதைகளுக்கெல்லாம் இதில் நம்பர் உண்டு தெரியுமா?

- கால் ஆணி: எல்84
- நடவு வயலில் நின்றவர்களுக்கு விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண் (பூஞ்சையால் வந்தால்): பி35.3
- பூஞ்சை பிடித்துத் தடித்த நகம்: பி35.1
- நகம் சதைக்குள் வளர்வது: எல்60.0

பாடம் 1: எந்தக் கால், எந்த விரல்?

அமெரிக்க பில்லில் பத்துக் கால் விரலுக்கும் பத்து அடையாளம் இருக்கிறது. இடது கட்டைவிரல் 'டி.ஏ'. அடுத்த நாலு விரலும் டி1 முதல் டி4 வரை. வலது கட்டைவிரல் டி5. வலது சுண்டுவிரல் டி9. ஆபரேஷன் வலது கட்டைவிரலில் செய்துவிட்டு பில்லில் டி5 போடாமல் விட்டால் அந்த பில் திரும்பி வந்துவிடும்!

'இதென்ன கெடுபிடி' என்று நினைக்காதீர்கள். சர்க்கரைக் காலில் ஒரு புண் ஆறும்போதே பக்கத்தில் இன்னொன்று கிளம்பலாம். 'கால் புண்' என்று மட்டும் எழுதியிருந்தால், இன்றைக்குப் பார்க்கும் டாக்டருக்கு இது பழைய புண்ணா புதுப் புண்ணா என்றே தெரியாது. 'வலது கட்டைவிரல், அடிப்பக்கம்' என்று நாலு வார்த்தை எழுதியிருந்தால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்தது.

பாடம் 2: எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம்?

வாத்தியார் புண்ணுக்கு மகள் என்ன நம்பர் போடுவாள்? முதலில் இ11.621. அதாவது டைப் 2 சர்க்கரை நோய், அதனால் வந்த பாதப் புண். அதற்கப்புறம் எல்97.512. இதில் 97.5 என்பது பாதம். அடுத்த 1 என்பது வலது கால். இடது என்றால் 2. கடைசி இலக்கம்தான் முக்கியம். அது ஆழம்.

- 1 என்றால் தோல் மட்டும்
- 2 என்றால் கொழுப்புப் படலம் தெரிகிறது
- 3 என்றால் தசை அழுகியிருக்கிறது
- 4 என்றால் எலும்பு அழுகியிருக்கிறது
- 9 என்றால் ஆழம் எழுதப்படவில்லை

ஒன்றுக்கும் நாலுக்கும் நடுவில் என்ன இருக்கிறது பார்த்தீர்களா? ஒரு விரலே இருக்கிறது! வாத்தியாரின் ஏழு சீட்டுக்கும் 9-தான் போட முடியும். அதாவது, 'ஒன்றுமே தெரியாது'.

சர்க்கரை நம்பரை முதலில் போட வேண்டும், புண் நம்பர் அடுத்துத்தான் வர வேண்டும் என்பதும் விதி. காரணம் முன்னால், விளைவு பின்னால். வைத்தியத்திலும் அப்படித்தான். சர்க்கரையைக் கட்டுப்படுத்தாமல் கட்டு மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் புண் எப்படி ஆறும்?

வைத்திய நம்பரிலும் இதே கதைதான். செத்த திசுவைச் சுரண்டிச் சுத்தம் செய்வதற்கு, எந்த ஆழம் வரை சுரண்டினார் என்பதைப் பொறுத்து நம்பர் மாறும். தோலோடு நின்றால் 97597. தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு வரை போனால் 11042. தசை வரை 11043. எலும்பு வரை 11044. ஒவ்வொன்றும் முதல் 20 சதுர சென்டிமீட்டருக்கு. அதனால் அளந்தே ஆக வேண்டும். ஆழம் கூடினால் கட்டணமும் கூடும். செய்யாத ஆழத்தை எழுதினால் அது மோசடி. செய்த ஆழத்தை எழுதாவிட்டால் டாக்டருக்கு நஷ்டம். பில்லுக்காக நோயைப் பெரிசாக்கவும் கூடாது, சோம்பலால் சிறிசாக்கவும் கூடாது.

'அளந்து எனக்கென்ன லாபம்?' என்று கேட்பீர்கள். லாபம் இருக்கிறது. வாத்தியார் புண் 3 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 6. முறையான சிகிச்சை நாலு வாரம் நடந்த பிறகு அது 3-க்காவது வந்திருக்க வேண்டும். பாதியளவுகூடச் சுருங்காத புண், அதே வைத்தியத்தில் ஆறுவது கஷ்டம் என்பது டாக்டர்களின் கணக்கு. அப்போது ரத்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும், எலும்புக்குள் கிருமி போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வைத்தியத்தை மாற்ற வேண்டும். தீபாவளியிலிருந்து பொங்கல் வரை யாருமே அளக்காததால், யாருக்குமே இந்த மணி அடிக்கவில்லை!

பாடம் 3: நகம் வெட்ட இன்சூரன்ஸ் பணமா?

அமெரிக்காவில் 65 வயது தாண்டியவர்களுக்கு மெடிகேர் என்ற அரசு காப்பீடு உண்டு. சாதாரணமாக நகம் வெட்ட, ஆணி சீவ அது பணம் தராது. 'உங்கள் நகத்தை நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிடும். ஆனால் சிலருக்கு மட்டும் தரும். யாருக்கு? கீழே உள்ள அடையாளங்களை டாக்டர் பார்த்து, எழுதி வைத்திருந்தால்தான் தரும்.

ஏ வகை: பாதமோ அதில் ஒரு பகுதியோ ஏற்கெனவே நோயால் எடுக்கப்பட்டிருப்பது (விபத்தில் போனது சேராது).

பி வகை: கணுக்காலின் உள்பக்க நாடி கிடைக்காதது, பாதத்தின் மேல்பக்க நாடி கிடைக்காதது, முடி உதிர்ந்து, நகம் தடித்து, தோல் பளபளவென்று மெலிந்து, நிறம் மாறுவது போன்ற மாறுதல்களில் மூன்றாவது இருப்பது.

சி வகை: கொஞ்ச தூரம் நடந்தால் ஆடுசதையில் வலி; பாதம் சில்லிட்டுப்போவது; வீக்கம்; மதமதப்பு, ஊசி குத்துகிற மாதிரி உணர்வு; எரிச்சல்.

ஏ-யில் ஒன்று இருந்தால் 'கியூ7'. பி-யில் இரண்டு இருந்தால் 'கியூ8'. பி-யில் ஒன்றும் சி-யில் இரண்டும் இருந்தால் 'கியூ9'. இந்த எழுத்து பில்லில் ஏறினால்தான் பணம்.

இதற்குப் பின்னால் இருக்கிற நியாயத்தைக் கவனியுங்கள். நாடி கிடைக்காத காலில் ரத்த ஓட்டம் குறைவு. அங்கே பிளேடு லேசாகப் பட்டாலே ஆறாத புண்ணாகி, விரல் கறுத்துப்போகலாம். ஆகவே அவருக்கு நகம் வெட்டுவது அலங்காரம் இல்லை, வைத்தியம்!

நாடி பார்ப்பதை டாக்டரிடம் விட்டுவிடுங்கள். மற்ற அடையாளங்களை வீட்டிலேயே பார்க்கலாம். ஒன்றிரண்டு இருந்தாலும் அன்று முதல் அவர் நகத்தை பிளேடால் சீவக்கூடாது. கால் ஆணிக்கு மருந்துக்கடையில் விற்கும் கார்ன் பிளாஸ்டரும் ஒட்டக்கூடாது. அதில் உள்ள அமிலம் உணர்ச்சியில்லாத தோலையும் அரித்துவிடும்.

வலிக்கவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள்!

'வலியே இல்லை' என்றார் வாத்தியார். அதுதான் பெரிய ஆபத்து. பல வருஷச் சர்க்கரை, பாதத்தின் நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது. முள் குத்தினாலும், உப்புக் கல் அறுத்தாலும், சுடுமணல் பொசுக்கினாலும் தெரியாது. டாக்டர் ஒரு மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் வைத்து அழுத்துவார். வளையும்போது அது சரியாக 10 கிராம் அழுத்தம் தரும். அதுகூடத் தெரியவில்லை என்றால் பாதத்தின் காவல்காரன் தூங்கிவிட்டான் என்று அர்த்தம்.

இந்த ரகசியத்தை உலகத்துக்குப் புரியவைத்ததில் நம் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார். விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் ஏற்படும் காயங்களே காரணம் என்று எடுத்துக்காட்டினார். மிருதுவான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு, புண்ணின் மேல் பாரம் விழாதபடி மாவுக்கட்டு ஆகியவற்றில் அக்கறை காட்டினார். 1966-ல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனபோது அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் கொண்டுபோனார். இன்றைக்கு அமெரிக்கப் பாத டாக்டர் போடும் மாவுக்கட்டுக்கு நம்மவர் நம்பர் போடுகிறார் என்றால், வேலூருக்குத் தெரிந்த விஷயம் ஊர் சுற்றித் திரும்பி வந்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

சரி, நம் ஊர் பில்லுக்கு வருவோம்

வாத்தியாரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். இன்சூரன்ஸ் இருக்கிறது. எங்கெங்கே வழுக்கும்?

1. 'எத்தனை வருஷமாகச் சர்க்கரை?' சேர்க்கும்போது டியூட்டி டாக்டர் கேட்பார். பதற்றத்தில் யாராவது 'ரொம்ப வருஷமா சார்' என்பார்கள். அவர் '20 வருஷம்' என்று எழுதிவிடுவார். பாலிசி எடுக்கும்போது வேறு கணக்குச் சொல்லியிருப்பீர்கள். போச்சு! க்ளெய்ம் நின்றுவிடும். முதன்முதலில் கண்டுபிடித்த வருஷத்தை, அந்த ரிப்போர்ட்டோடு, ஒரு தாளில் எழுதி வையுங்கள். பாலிசி எடுக்கும்போதும் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருஷம் என்று 2024-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. குறைத்திருக்கிறது. காத்திருந்தால் கிடைத்துவிடும். மறைத்தால்தான் ஆபத்து.

2. ரூம் வாடகை. பாலிசியில் ஒரு நாளைக்கு 3,000 ரூபாய் வரம்பு. நீங்கள் 6,000 ரூபாய் ரூமில் போய்ப் படுத்தால், வாடகையில் மட்டுமல்ல, டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் போன்றவற்றிலும் பாதியை வெட்டலாம். மருந்து, டெஸ்ட், உள்ளே பொருத்தும் சாதனங்களுக்கு இந்த வெட்டு கிடையாது. வெட்டியிருந்தால் கேளுங்கள்.

3. வீட்டுக்கு வந்தபின் கட்டு மாற்றும் செலவு. பாதப் புண்ணில் பெரிய செலவே இதுதான். பல பாலிசிகள் டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் வரை இதைத் தருகின்றன. உங்கள் பாலிசியில் எத்தனை நாள் என்று பாருங்கள். வாத்தியாரின் சீட்டு மாதிரி 'டிரஸ்ஸிங்' என்று மட்டும் இருந்தால் பணம் கிடைப்பது கஷ்டம். தேதி, எந்தப் புண், யார் செய்தது, டாக்டர் கையெழுத்து, ரசீது நம்பர் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும்.

4. டிஸ்சார்ஜ் சம்மரி. கையில் வாங்கியதும் அங்கேயே உட்கார்ந்து படியுங்கள். வலது கால் இடது காலாகியிருக்கிறதா? ஆழம் எழுதியிருக்கிறதா? தப்பு இருந்தால் அப்போதே திருத்தித் தரச் சொல்லுங்கள். பேனாவை எடுத்து நீங்களே திருத்தாதீர்கள்! 'கொஞ்சம் பெரிசாப் போட்டுக் குடுங்க டாக்டர்' என்றும் கேட்காதீர்கள். ஒரு பொய் நுழைந்தால் மொத்தக் க்ளெய்மும் போய்விடும்.

மருத்துவக் குறிப்புகளின் நகல் கேட்பது உங்கள் உரிமை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதிகளின்படி, உள்நோயாளிக் குறிப்புகளை டாக்டர் மூன்று வருஷம் பாதுகாக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எழுத்தில் கேட்டு, கேட்டதற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

க்ளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது.

தனியார் பாலிசி இல்லையா? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், வருமான வரம்புக்குள் வருகிற குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை உண்டு. உப்பளத்திலும் வயலிலும் வேலை பார்ப்பவர்கள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பரிசோதிக்கவென்றே 'பாதம் பாதுகாப்போம்' என்ற திட்டமும் இருக்கிறது. பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்கு போன் செய்யுங்கள்.

நல்ல கிளினிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

போர்டையும் ஏ.ஸி.யையும் பார்க்காதீர்கள். இதைப் பாருங்கள்.

- புண் ஒரு காலில் இருந்தாலும் இரண்டு செருப்பையும் கழற்றச் சொல்கிறார்களா?
- ஸ்கேல் வைத்து அளந்து எழுதுகிறார்களா?
- நாடி பார்க்கிறார்களா? இழை வைத்து உணர்ச்சி பார்க்கிறார்களா?
- போன தடவை எழுதியதை எடுத்துப் பார்த்துவிட்டு இன்றைக்கு எழுதுகிறார்களா?
- அடுத்து வரும் தேதியைச் சீட்டில் குறிக்கிறார்களா? வராவிட்டால் போன் செய்கிறார்களா?
- பில்லில் டாக்டர் ஃபீஸ், சுத்தம் செய்தது, கட்டுப் பொருள், மருந்து எல்லாம் தனித்தனியாக இருக்கிறதா?

நல்ல நிர்வாகம் உள்ள இடத்தில் நல்ல வைத்தியம் நடக்க வாய்ப்பு அதிகம். பில்லை ஒழுங்காக எழுதுகிறவர்கள் புண்ணையும் ஒழுங்காகப் பார்த்திருப்பார்கள்.

வீட்டுக்கு ஒரு பாத நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். அதில் எட்டுக் கட்டம் போடுங்கள்.

1. தேதி
2. வலதா, இடதா
3. எந்த விரல் அல்லது எந்த இடம்
4. நீளம், அகலம் (சென்டிமீட்டரில்)
5. ஆழம் (டாக்டர் சொன்ன வார்த்தையில்)
6. நீர், சீழ், நாற்றம் உண்டா
7. என்ன செய்தார்கள், யார் செய்தார்கள், எவ்வளவு பணம்
8. அடுத்து எப்போது

வாரம் ஒருநாள் புண்ணுக்குப் பக்கத்தில் ஸ்கேலை வைத்து, புண்ணைத் தொடாமல், செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டுகளையும் போட்டோ எடுத்து வையுங்கள். 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய ராத்திரியை டெல்டாக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கூரையே போகிற ஊரில் காகிதம் என்ன ஆகும்?

புண் இல்லாதவர்களுக்கும் இந்த நோட்டு உண்டு. சர்க்கரை உள்ளவர் தினமும் ராத்திரி பாதத்தைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்து, உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். சேற்றுப்புண், பித்தவெடிப்பு, கொப்புளம், சிவப்பு... எது கண்ணில் பட்டாலும் நோட்டில் ஏற வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது டாக்டரிடம் காலைக் காட்டிப் பரிசோதிக்க வேண்டும். புண் வந்து ஆறியவர்கள் டாக்டர் சொல்கிறபடி இன்னும் அடிக்கடி போக வேண்டும்.

மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் புண்ணில் அப்பாதீர்கள். 'வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் சரியாப் போயிடும்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சூடு தெரியாத கால் வெந்துவிடும்.

நோட்டில் எழுதிக்கொண்டு உட்காராமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய சமயங்களும் உண்டு. புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினால், நாற்றம் வந்தால், காய்ச்சல் குளிர் வந்தால், விரல் நீலமாகவோ கறுப்பாகவோ ஆனால், காரணமில்லாமல் சர்க்கரை எகிறினால், தாமதிக்கவே கூடாது. ராத்திரி பத்து மணியானாலும் கிளம்புங்கள்.

நம் வாத்தியார் என்ன ஆனார் என்கிறீர்களா? கற்பனை வாத்தியார்தானே, நல்ல முடிவே கொடுத்துவிடுவோம். மகள் அன்றைக்கே ஸ்கேலை எடுத்து அளந்தாள். மறுநாள் காலையில் சர்ஜனிடம் அழைத்துப் போனாள். எலும்புக்குப் போகும் முன்னால் பிடித்துவிட்டார்கள். பாரம் விழாமல் கட்டு, சர்க்கரைக்கு இன்சுலின், காலுக்கு எம்.சி.ஆர். செருப்பு. பங்குனியில் புண் மூடிவிட்டது. நோட்டின் கடைசி வரியை வாத்தியாரே தன் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'வலது கட்டைவிரல், அடிப்பக்கம், 0 × 0.'

நிஜ வாழ்க்கையில் எல்லா மகள்களும் கோடிங் படித்திருக்க மாட்டார்கள். படித்திருக்கவும் வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு ஸ்கேல், குனிகிற மனசு... இந்த மூன்றும் இருந்தால் போதும். இன்று ராத்திரியே அப்பாவை உட்காரவைத்துச் சொல்லுங்கள்: "அப்பா, காலைக் காட்டுங்க!"